பீப்பாய் மேல் பச்சை ஓலை

எண்ணெய் ஆட்டும் எலியாப்பை ஊரை விட்டு அனுப்புவதென்று நாவொட்டா கிராமம் முன்னமே முடிவு பண்ணிவிட்டது. சாயங்காலம் ஆம்பளைகள் கூடும் நக்கமால் கூடத்தில், காவா வேர்ச்சாற்றுக் கிண்ணம் கைமாறுவதற்கு முன்னால், தலைவர் மோலி வாக்கே அதை வாயால் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று எலியாப்பின் பெண்டாட்டி ரோஸ்லின் எங்களைக் கூப்பிட்டிருந்தாள். எங்களை என்றால் கராய் மச்சானையும் என்னையும். மச்சான் லுகன்வில் டவுன் போலீஸில் இருந்தவர். மேலதிகாரியிடம் நிஜத்தைப் பேசிவிட்டு வெளியே வந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஆபீஸ் என் பிக்கப்பின் முன்சீட்டு. நான் லெனாஸ், அவர் பெண்டாட்டியின் தங்கை. வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், வழியில் பஞ்சர் ஆனால் திட்டு வாங்குவதும் நான். மூளை மட்டும் அவருடையது என்று அக்கா சொல்கிறாள். நான் இன்னும் பார்த்தபாடில்லை.

நடந்தது இதுதான். தலைவரின் மகள் மொரீனுக்கு ஒரு விடியற்காலையில் பிரசவ வலி எடுத்தது. புருஷன் கெமுவல் அவளைப் பிக்கப்பின் பின்னால் பாயில் படுக்க வைத்துக்கொண்டு லுகன்வில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். பாதி வழியில், ஆற்றுத்துறையில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். அடுத்த வண்டி அந்தப் பக்கம் வருவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போனது. எலியாப் ஆட்டிக் கொடுத்த தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துதான் வண்டி நின்றது என்று கெமுவல் சொன்னான். மொரீனின் அண்ணன்கள் ஆத்திரத்தில் வண்டியை அங்கேயே ஆற்றுக்குள் உருட்டிவிட்டார்கள். டாங்கியில் என்ன இருந்தது என்று இனி மீன்களைத்தான் கேட்க வேண்டும்.

நாவொட்டாவில் வீட்டு வண்டி அத்தனையும் தேங்காய் எண்ணெயில்தான் ஓடுகிறது. போன வருஷம் டீசல் கப்பல் வாரக்கணக்கில் வராமல் சந்தைக்குப் போக வேண்டிய சேம்பு எல்லாம் வீட்டிலேயே அழுகிப்போனது. தலைவருக்குக் கோபம் வந்தது. தலைக்கு மேலே காய்த்துத் தொங்குகிறதை விட்டுவிட்டு எவனோ கொண்டுவருவதற்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறோமே என்று, கடைக்காரன் ரெக்சனின் டீசல் பீப்பாய் மேல் நமேலே மரத்து ஓலையைக் கட்டிவிட்டார். தலைவர் ஓலை கட்டின பொருளை எவனும் தொட மாட்டான். தொட்டவன் வீட்டில் சாவு விழும் என்பது எங்கள் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் அம்பே தீவிலிருந்து எலியாப்பை வரவழைத்து, எண்ணெய் ஆட்ட இடமும் வீடு கட்ட இடமும் கொடுத்தார். அந்த இடம்தான் இன்றைக்குப் போகப் போகிறது. அம்பேயில் அவனுக்கு இருந்த நிலத்தை எரிமலைச் சாம்பல் மூடி வருஷக்கணக்காகிறது. திரும்பிப் போனால் நிற்க இடம் கிடையாது.

நாங்கள் முதலில் போனது அவன் ஆட்டுமிடத்துக்கு. லாரி ஜாக்கியை வைத்துக் கொப்பரையை நசுக்குகிறான். வழிகிற எண்ணெயைப் பழைய ஜீன்ஸ் கால் ஒன்றில் ஊற்றித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாய் வடிக்கிறான். ஒரு வரிசை நீலக் கால்கள் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இடுப்புக்குக் கீழே மட்டும் ஆட்களைத் தூக்கில் போட்டது போலிருக்கிறதே என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சொன்ன பிறகு சிரிப்பு வரவில்லை.

ரோஸ்லின் ஒரே பிடியாகச் சொன்னாள்: ரெக்சன்தான். ஓலை கட்டின நாளிலிருந்து அவன் கடையில் டீசல் போணியில்லை. எண்ணெயில் தண்ணீரைக் கலந்தது அவனாகத்தான் இருக்கும்.

மச்சான் எலியாப் பக்கம் திரும்பினார். குளிர் மாசத்தில் இந்த எண்ணெய் என்ன பண்ணும் என்று கேட்டார். எலியாப் பேச்சே மறந்தவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். விடியலில் டாங்கிக்குள் பன்றிக் கொழுப்பு மாதிரி வெள்ளையாய் உறைந்து கிடக்கும். வீட்டுக்கு வீடு ஒரு கெட்டில் வெந்நீர் வைத்து ஃபில்டர் மேலும் குழாய் மேலும் ஊற்றுவார்கள். மிச்ச வெந்நீரில் டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் இளகிவிடும். எஞ்சின் சூடேறிய பிறகு அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

"அப்ப உறைஞ்சா வண்டி எங்க நிக்கும்?" மச்சான் கேட்டார்.

"வீட்டு வாசல்ல நிக்கும்ணே. கிளம்பவே கிளம்பாது."

"கெமுவல் வண்டி ஆறு வரைக்கும் போயிருக்கே."

ஊரே எரிந்து விழுந்துகொண்டிருக்கும்போது இதை யோசிக்க எலியாப்புக்கு ஏது நேரம்? மச்சான் இன்னொன்றும் கேட்டார். அதே பீப்பாய் எண்ணெயை அந்த வாரம் வேறு யாரெல்லாம் ஊற்றினார்கள்? ஊரில் எல்லாரும்தான். வேறு எந்த வண்டியாவது நின்றதா? இல்லை.

வண்டியில் ஏறியதும் நான் சொன்னேன், "ஆக, ரெக்சன் தண்ணியை ஊத்தினது கெமுவல் டாங்கியில மட்டும். தலைவர் மருமகனைப் பழி வாங்கணும்னு."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு. ஆத்துக்குப் போ."

ஆற்றுத்துறையில் ஒரு அக்கா சேம்பும் கோழியும் சுட்டு விற்கிறாள். அன்றைக்கு மொரீன் பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அடுப்பை விசிறிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சான் கேள்வியே கேட்கவில்லை, ஒரு சேம்பு வாங்கித் தோலை உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தெளிந்த பிறகு அவளாகவே சொன்னாள். வண்டி இருமி இருமி நின்றது. கெமுவல் குதித்து இறங்கி எதையோ கழற்றினான், கையெல்லாம் வழிந்தது. பின்னால் மொரீன் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் அவளிடம் போகாமல் தண்ணீருக்கு ஓடினான். மணலை அள்ளி அள்ளிக் கையைத் தேய்த்தான். போதாதென்று இவளிடம் சோப்பு கேட்டான்.

"அவ கையப் புடிச்சுக்கன்னு கத்தினேன். இரு அக்கா, இந்தக் கையோட எப்படித் தொடுவேன்னு சொல்லிக்கிட்டே தேய்க்கிறான். தோலு உரியிற மாதிரி தேய்ச்சான் பாவி."

மச்சான் சேம்பைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் கையில் பட்டால் யாரும் கழுவ மாட்டோம். தலையில் தடவுவோம், காலில் தடவுவோம், பக்கத்தில் இருக்கிறவன் முதுகில் தடவுவோம். வலி எடுத்த பெண்ணுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் தடவுவதே அதைத்தான். எண்ணெய்க் கையோடு அவன் நேரே அவளிடம் போயிருக்கலாம். போயிருந்தால் அவள் சாகும்போதாவது பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்திருக்கும்.

"டீசல், மச்சான்," என்றேன்.

"டீசல்தான். ஆனா இந்த ஊர்ல டீசல் எங்க இருக்கு?"

ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அங்கே போனோம்.

ரெக்சன் எங்களைப் பார்த்ததுமே கும்பிடாத குறையாகக் கையை விரித்தான். ஊரில் எல்லாரும் தன்னைத்தான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். தண்ணீரை ஊற்றிக் கெடுக்கத் தனக்கென்ன பைத்தியமா, மொரீன் தன் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவள் என்றான். சொல்லிக்கொண்டே பிஸ்கட் டப்பாவைத் துடைத்தான். டீசல் வியாபாரம் போன கோபம் உண்டா என்று மச்சான் கேட்டதற்கு, ஏன் இல்லை, நிறைய உண்டு என்று ஒளிக்காமல் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. பொய் சொல்கிறவன் கோபம் இல்லையென்றுதான் முதலில் சொல்வான்.

பீப்பாய் கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் நின்றது. மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, துருப்பிடித்த வட்டம். ஏன் இதைக் கொட்டகைக்குள் உருட்டி வைக்கவில்லை, குறைந்தபட்சம் ஒரு தகரத்தையாவது போட்டு மூடியிருக்கலாமே என்று கேட்டேன். ரெக்சன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ஓலை கட்டியிருக்கு. யாரு தொடுவா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

பாவம். திரும்பிப் பார்க்காததால் கண்ணெதிரே இருந்ததை அவன் கவனிக்கவில்லை. மச்சான் பீப்பாயைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ஓலையை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு ரொம்ப சாதாரணமாகக் கேட்டார், "தலைவர் இதை எப்பக் கட்டினார்?"

"வள்ளிக்கிழங்கு வெட்டுன சமயம்ணே. மாசக்கணக்காச்சு."

"பச்சையா இருக்கே."

மூன்று பேரும் அந்த ஓலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழையிலும் வெயிலிலும் மாசக்கணக்காகக் கிடந்த ஓலை காய்ந்து சருகாகத்தானே இருக்க வேண்டும். இது நேற்று வெட்டினது மாதிரி இல்லாவிட்டாலும், வெட்டி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்காது. பீப்பாய்க்குப் பின்புறப் புல்லில் பழைய ஓலையின் நரம்பு ஒன்று முறிந்து கிடந்தது. யாரோ பழையதைப் பிய்த்து மூடியைத் திறந்திருக்கிறார்கள். திரும்பக் கட்ட முடியாமல் உதிர்ந்து போயிருக்கிறது. அதனால் புதுசு வெட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

திருடினவன் ஓலையும் கட்டிவிட்டுப் போனானா, இவ்வளவு மரியாதையான திருடனை நான் பார்த்ததில்லை என்றேன். மச்சான் என்னை முறைக்கவில்லை. அவர் முகம் செத்துக் கிடந்தது. நமேலே மரம் இந்த ஊரில் எங்கே நிற்கிறது என்று கேட்டார். எந்த ஊரிலும் அது தலைவர் முற்றத்தில்தான் நிற்கும். அந்த வீட்டு ஆளைத் தவிர வேறு எவனும் அதில் கை வைக்க முடியாது. வைத்தால் நாய் குரைக்கும் முன்னே ஊர் குரைத்துவிடும்.

கெமுவல் அந்த வீட்டு மருமகன்.

பத்தாம் நாள் சாப்பாட்டுக்கு, இலையில் மூடிய லாப்லாப் கிழங்கு மாவு வேகிற புகை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கெமுவல் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில் துக்கப் பாயில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், கை மட்டும் இரண்டும் புண்ணாகியிருந்தது. மணல் தேய்த்த புண். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓலை பச்சையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கெமுவல் மறுக்கவேயில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி கொட்டிவிட்டான்.

மொரீனுக்கு முதலிலிருந்தே பயம். வலி விடியற்காலையில் வந்தால் என்ன செய்வது, நீ கெட்டில் வைத்து ஊற்றி இளக்குவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தினமும் கேட்டாளாம். அதனால் அவளுக்கும் சொல்லாமல், அவள் அப்பாவுக்கும் சொல்லாமல், பீப்பாயைத் திறந்து டீசல் எடுத்திருக்கிறான். டாங்கியில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டு அதை ஊற்றித் தயாராக வைத்திருந்தான். அன்றைக்குச் சாவியைத் திருப்பியதும் ஒரே முறையில் கிளம்பியது. மொரீன் அந்த வலியிலும் அவனைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"ஓலையைப் பிச்சேன். அதான் வீட்டுல சாவு விழுந்துச்சு. நான்தான் அவளைக் கொன்னேன் கராய் அண்ணே. இதை எப்படி வெளிய சொல்றது? அவ அப்பன் மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"ஓலை கொல்லலடா. டீசல்ல மழைத்தண்ணி இறங்கியிருக்கு. ஃபில்டர் நிறையிற வரைக்கும் ஓடியிருக்கு, அப்புறம் நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

"மழைத்தண்ணி எப்படி இறங்குச்சு?"

கெமுவலே பதிலும் சொன்னான்:

"ஓலை கட்டியிருந்ததாலதானே. ஓலை இல்லைன்னா அவன் கொட்டகைக்குள்ள வெச்சிருப்பான். அப்ப ஓலைதானே கொன்னது?"

மச்சான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இரண்டே வார்த்தை சொன்னார்: ஒன்று நீ சொல், இல்லையென்றால் நான் சொல்ல வேண்டியிருக்கும், எலியாப்புக்கும் பெண்டாட்டி இருக்கிறாள். கெமுவல் நானே சொல்கிறேன் என்று தலையை ஆட்டினான்.

நக்கமாலுக்குள் பெண்கள் போகக்கூடாது. நல்ல வேளையாகச் சுவர் மூங்கில். நானும் ரோஸ்லினும் வெளியே, இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். ரோஸ்லின் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. உள்ளே மொரீனின் அண்ணன்கள் எலியாப்பைக் கேட்காத கேள்வி இல்லை. அப்போது கெமுவல் எழுந்து சொன்னான். டீசலைச் சொன்னான், ஓலையைச் சொன்னான், பொய் சொன்னதையும் சொன்னான். குரல் நடுங்கவே இல்லை. தன் பன்றிகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறேன், எலியாப்பை விட்டுவிடுங்கள் என்றான்.

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். மச்சானின் தலையைப் பற்றி அக்கா சொன்னதெல்லாம் நிஜம்தான் போல என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

உள்ளே தலைவர் மகன்களில் ஒருத்தன் கெமுவல் மேல் பாய எழுந்ததும், உட்கார் என்ற தலைவரின் குரல் கேட்டது. மெல்லிசாக, வயசானவர் குரலாக இருந்தது.

"அந்தப் பீப்பாய்க்கு முதல்ல ஓலை கட்டினது நான்," என்றார் மோலி வாக்கே.

எழுந்து வெளியே வந்தார். எங்களைத் தாண்டி நடந்தார். ஊரே பின்னால் போனது. ரெக்சன் கடைக்குப் பின்னால் போய், அந்தப் பச்சை ஓலையைத் தன் கையாலேயே பிய்த்துக் கீழே போட்டார். பன்றி ஒன்றும் வேண்டாம், கெமுவல் எங்கேயும் போக வேண்டாம் என்றார். எலியாப் மேல் குற்றமில்லை, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இனிமேல் இந்த ஊரில் எதன் மேலும் தன் ஓலை கிடையாது, அவரவருக்கு எது பிடிக்கிறதோ அதை ஊற்றிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு நாவொட்டாவில் யாரும் காவா குடிக்கவில்லை.

நான் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவள், ஜனங்களை எனக்குத் தெரியும். குளிரில் எழுந்து கெட்டில் வைப்பது, உறைந்த குழாயைத் தடவிக்கொண்டு நிற்பது, தேங்காயை உரித்து உலர்த்தி எலியாப்பிடம் சுமந்து வருவது, இதையெல்லாம் ஊர் செய்தது எண்ணெய் மேல் ஆசை வந்து இல்லை. தலைவர் ஓலைக்குப் பயந்து. இப்போது ஓலை இல்லை. அதோடு, வண்டிப் புகையில் வருகிற அந்தத் தேங்காய் வாசனை இனித் தலைவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது அவருக்கு என்ன செய்யும் என்றும் எல்லாரும் யோசிப்பார்கள். இருட்டுவதற்கு முன்னாலேயே ஆளாளுக்குக் காலி டின்னை எடுத்துக்கொண்டு ரெக்சன் வாசலில் நின்றார்கள். இது தண்ணீர் இறங்கின டீசல், தர மாட்டேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அப்படியானால் அடுத்த பீப்பாய்க்குப் பேரை எழுதிக்கொள் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் விடைபெறப் போனபோது எலியாப் அந்த ஜீன்ஸ் கால்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். ரோஸ்லின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமெல்லாம் வடிந்துபோன முகம். காலையிலிருந்து ஒரு கூடைத் தேங்காய்கூட வரவில்லை, இனி வராது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருந்தாலாவது கப்பலேற்றி விட்டிருப்பார்கள். இப்போது போகச் சொல்லவும் ஆளில்லை, இருந்து பிழைக்கவும் வழியில்லை. மச்சான் என்னத்தையோ சொல்ல வந்தார். உன் எண்ணெயில் ஒரு குறையும் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டதே என்றார். எனக்கே அது அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

எலியாப் கடைசிக் காலை அவிழ்த்துப் பிழிந்தான்.

"குறை இருந்திருந்தா சரி பண்ணியிருப்பேன்ணே," என்றான். "இப்ப நான் எதைச் சரி பண்ணுவேன்?"

நான் போய் வண்டியைக் கிளப்பினேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.